ஒழுகும் கூரைக்குக் கெடு உண்டா?



வாடகை வீட்டில் பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதி நேரத்தைச் சட்டம் வாய் திறக்காத இன்னொரு கேள்விக்கு எடுத்துக்கொள்கிறேன். பழுதை எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும்? சென்னையில் உட்கார்ந்து கேட்டால் இந்தக் கேள்விக்கு அவ்வளவு கனம் தெரியாது. தெருமுனையில் ஹார்டுவேர் கடை இருக்கிறது, போன் போட்டால் பிளம்பர் மறுநாளாவது வந்துவிடுவார். லாங் ஐலண்டிலிருந்து கேட்டால் இதுவே முதல் கேள்வி.

லாங் ஐலண்ட் என்றதும் நியூயார்க் பக்கம் போய்விட வேண்டாம். கூகுளில் தேடினால் அந்தத் தீவுதான் பக்கம் பக்கமாக வரும். நான் சொல்வது நம் லாங் ஐலண்ட்: நடு அந்தமானுக்குக் கிழக்கே, ரங்கத் வட்டத்தைச் சேர்ந்த சிறிய தீவு. லாலாஜி பே கடற்கரையைப் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு அது தெரியும். ஒரு காலத்தில் ஒட்டுப்பலகை ஆலை ஓடிய ஊர் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். ரங்கத்திலிருந்து யெராட்டா படகுத்துறைக்கு வந்து படகு பிடிக்க வேண்டும். இல்லையென்றால் போர்ட் பிளேரிலிருந்து வர வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்த நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். தீவுக்காரர்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான், நானும் அப்படியே சொல்கிறேன். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. ஒரு தகரமோ ஒரு மூட்டை சிமென்டோ ஒரு எலக்ட்ரீஷியனோ, எது வந்தாலும் தண்ணீரைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இப்போது சட்டம். நம் நாட்டில் வாடகைப் பழுதைப் பற்றிய அடிப்படைச் சட்டம் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 108ஆவது பிரிவில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, சொல்லியும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தானே செய்து, செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் எந்தப் பழுதைச் செய்யக் கடமைப்பட்டவர் என்று அந்தச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. மறுபக்கம், குடியிருப்பவர் மட்டும் இயல்பான தேய்மானம் போக, வந்தபோது இருந்த நிலையிலேயே வீட்டைத் திருப்பித் தர வேண்டும். ஆக, பரிகாரம் இருந்தது, கடமை இல்லை. ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் நாம் இப்படித்தான் குடித்தனம் நடத்தினோம்.

இடையில் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்கு வாடகையை ஏற்றக் கூடாது, காலி செய்யச் சொல்லக் கூடாது என்பதில்தான் கவனம். தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப்பட்டது. வாடகை உறைந்து நின்ற வீட்டுக்கு எந்த வீட்டுக்காரர் ஓடு மாற்றுவார்? பழைய மதராஸில் இடிந்து நின்ற பல வீடுகளின் கதை இதுதான். அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்தது. மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்தமான் நிக்கோபாருக்கென்று தனி வாடகை ஒழுங்குமுறைக்கு 2023 அக்டோபரில் அதே அமைச்சரவை இசைந்தது. சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதி என்பதால், அரசியலமைப்பின் 240ஆவது உறுப்பின்படி குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் ஒழுங்குமுறை அது. நான் இன்று மாதிரிச் சட்டத்தின் வாசகத்தை வைத்தே பேசுகிறேன். விவாதத்துக்கு அதுவே போதும்.

மாதிரிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பழுதுகளை இரண்டாகப் பிரிக்கிறது. கட்டடத்தின் உடம்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, உள்ளும் வெளியும் ஒயரிங், இவை வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், அடைத்துக்கொண்ட வடிகால், கழிப்பறைத் தொட்டி, வாஷ் பேசின், கீஸர், சுவிட்சும் பிளக்கும், சர்க்யூட் பிரேக்கர், பூட்டும் தாழ்ப்பாளும், கொசுவலை, உடைந்த கண்ணாடி, தோட்டம், இவை குடியிருப்பவர் தலையில். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதன்படி.

வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று நான் சொன்னதும் முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். நியாயம்தான். காலி செய்யும்போது பெயின்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது சென்னையில் வழக்கமாகவே ஆகிவிட்டது. அட்டவணையில் அதற்கு இடம் இல்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து அந்த இடத்தை உண்டாக்கிவிடுகிறார்கள். கையெழுத்துப் போடும் நாளில் யாரும் கடைசிப் பக்கத்தைப் படிப்பதில்லை.

வீட்டுக்காரர் தன் பங்கு பழுதைச் செய்ய மறுத்தால் குடியிருப்பவர் தாமே செய்து வாடகையில் கழிக்கலாம். ஆனால் எந்த மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. குடியிருப்பவர் தன் பங்கைச் செய்யாவிட்டால் வீட்டுக்காரர் செய்து அட்வான்ஸில் பிடிக்கலாம். வீடு குடியிருக்க லாயக்கற்றுப் போய், எழுத்தில் கேட்டும் வீட்டுக்காரர் சரிசெய்யாவிட்டால், பதினைந்து நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறலாம், அல்லது வாடகை அதிகாரியிடம் போகலாம். புயல், வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றால் வீடு இருக்க முடியாததாகிவிட்டால், அது மீண்டும் இருக்கத் தக்கதாகும் வரை வாடகை கேட்கக் கூடாது.

பழைய சட்டத்தில் இல்லாத கடமையைப் புதிய சட்டம் தெளிவாக எழுதிவிட்டது. பழைய சட்டத்தில் வரம்பில்லாமல் இருந்த பரிகாரத்துக்கு மட்டும் பாதி வாடகை என்று ஒரு வரம்பு கட்டிவிட்டது. இந்த இரண்டையும் லாங் ஐலண்டுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம்.

கணக்குக்காக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். வாடகை மாதம் 5,000 ரூபாய். மரச் சட்டத்தின் மேல் தகரக் கூரை. மழைக்காலம் தொடங்கியதும் நாலைந்து தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுகிறது, அதைத் தாங்கும் சட்டமும் உளுத்துவிட்டது. தகரம், மரச் சட்டம், படகுக் கூலி, ஆள் கூலி எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் என்று கொள்வோம். வீட்டுக்காரர் போர்ட் பிளேரிலோ தாய்நிலத்திலோ இருக்கிறார். பார்க்கலாம் என்கிறார், பார்ப்பதில்லை. குடியிருப்பவர் கையிலிருந்து போட்டுச் செய்கிறார். சட்டம் மாதம் 2,500 ரூபாய் கழிக்க அனுமதிக்கிறது. பணம் திரும்ப வர பன்னிரண்டு மாதம் ஆகும். நம் ஊர் ஒப்பந்தமோ பதினொரு மாதம். ஓராண்டைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைச் சுற்றிப் போவதற்காகப் பிறந்த பதினொரு மாதம் அது. ஒப்பந்தம் தொடங்கிய நாளிலேயே கூரை போனால்கூட முழுப் பணமும் கைக்கு வராது. ஐந்தாவது மாதத்தில் போனால்? மிச்சப் பணத்துக்குக் குடியிருப்பவர் வாடகை நீதிமன்றத்தைத் தேடிப் போக வேண்டும். இந்த வரம்பை எழுதியவர்களின் எண்ணத்தில் இருந்த பழுது பாத்ரூம் குழாய்தான், கூரை அல்ல என்பது என் கணிப்பு.

கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச அனுமதியுங்கள். கட்டடங்களின் ஈரத்தைப் பார்த்தே பிழைத்தவன் நான். அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை, சென்னையைப் போல இரு மடங்கு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அங்கே பெய்கின்றன. மே மாதம் பிடித்தால் டிசம்பர் வரை விட்டு விட்டுக் கொட்டும். கூரையில் ஏறி நிதானமாக வேலை பார்க்க ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் காலம். இதோடு உப்புக்காற்று. தகரத்தில் துரு முதலில் பிடிப்பது நடுவில் அல்ல. போல்ட் இறங்கும் துளையைச் சுற்றியும், ஒரு தகரம் இன்னொன்றின் மேல் ஏறிப் படுக்கும் மடிப்பிலும்தான். நாகப் பூச்சு அங்கே கீறப்பட்டிருக்கும், ஈரம் அங்கே நிற்கும். வாஷர் இறுகி வெடித்ததும் துளை வழியே இறங்கும் தண்ணீர் நேராகத் தரையில் சொட்டாது. மரச் சட்டத்தின் அடிப்பக்கமாகவே வழிந்து போய், வேறொரு மூலையில், சுவரில் ஒயர் இறங்கும் இடத்தில் தலைகாட்டும். ஒழுகும் இடம் ஒன்று, ஓட்டை இருக்கும் இடம் வேறு. ஒழுகும் இடத்தில் மட்டும் தாரைப் பூசிவிட்டு இறங்கிவிடுகிறவர்கள் அடுத்த மழைக்கு மறுபடி ஏறுவார்கள்.

இந்த மூலையிலிருந்துதான் சட்டத்தின் சிக்கலும் தொடங்குகிறது. கூரைத் தண்ணீர் சுவிட்ச் போர்டில் இறங்கி சுவிட்ச் கருகிவிட்டது. சர்க்யூட் பிரேக்கரும் போய்விட்டது. அட்டவணைப்படி சுவிட்ச் யாருடையது? குடியிருப்பவருடையது. கூரை யாருடையது? வீட்டுக்காரருடையது. சுவிட்சை மாற்ற வேண்டியவர் யார்? பொருளின் பெயரை வைத்துப் பிரித்தால் குடியிருப்பவர். காரணத்தை வைத்துப் பிரித்தால் வீட்டுக்காரர். அட்டவணையின் ஒரு பக்கத்தில் மட்டும் காரணம் எட்டிப் பார்க்கிறது: கட்டடப் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு, குடியிருப்பவரால் வந்த சேதத்தைத் தவிர. இதற்கு எதிர்ப்புறமாக, சின்னப் பழுது குடியிருப்பவர் பொறுப்பு, கட்டடக் கோளாறால் வந்ததைத் தவிர, என்று ஒரு வரி எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை. இதை நான் சிறு விடுபடல் என்று நினைக்கவில்லை. ஈரமான ஊர்களில் சின்னப் பழுதுகளில் பாதி, பெரிய பழுதின் குழந்தைகள்.

இதையே மறுபக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர்களை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் அல்ல. ஓட்டை விரல்நுனி அளவு இருந்தபோதே குடியிருப்பவர் சொல்லியிருந்தால் ஒரு வாஷரோடும் கொஞ்சம் சீலன்ட்டோடும் போயிருக்கும். அவர் வாளி வைத்தார். இரண்டு மழைக்காலம் வாளி வைத்தார். மூன்றாவது மழைக்காலத்தில் மரச் சட்டம் உளுத்துவிட்டது. சேதம் கண்டால் கூடிய விரைவில் எழுத்தில் தெரிவிப்பது குடியிருப்பவரின் கடமை என்று மாதிரிச் சட்டம் சொல்கிறது. பலர் ஏன் சொல்வதில்லை? சொன்னால் வாடகை ஏறும், அல்லது காலி பண்ணச் சொல்வார்கள் என்ற பயம்தான். தீவில் வேறு வீடு எளிதில் கிடைக்காது என்றால் பயம் இன்னும் கூடும். வீட்டுக்காரர்களும் யோசிக்க வேண்டும்: பழுதைச் சொன்னவனைத் தொந்தரவு பிடித்தவன் என்று நினைத்தால், அடுத்த முறை அவன் வாளிதான் வைப்பான்.

இனிப் பழுதுக்கு வேண்டிய சாமானுக்கு வருவோம். மரத்தின் நடுவே வாழ்ந்த தீவு லாங் ஐலண்ட். படாக், குர்ஜன் மரங்களை வெட்டி அனுப்பிய காடு, ஒட்டுப்பலகை செய்த ஆலை. கோதவர்மன் திருமுல்பாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001இல் மரம் வெட்டுவதை நிறுத்தியது. அந்த வழக்கில் அமைந்த சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்று 2002 மே 7இல் பிறப்பித்த ஆணை, மரத்தை உள்ளூர்த் தேவைக்கு மட்டும் கட்டுப்படுத்தியதோடு, கடற்கரையில் மணல் எடுப்பதையும் ஆண்டுக்கு ஆண்டு குறைக்கச் சொன்னது. காட்டுக்கும் கரைக்கும் அது நல்லது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மணலைப் பொறுத்தவரை கட்டடத்துக்கும் நல்லதுதான். கடல் மணலைச் சரியாகக் கழுவாமல் கான்கிரீட்டில் போட்டால் அதிலுள்ள குளோரைடு கம்பியை உள்ளிருந்தே அரிக்கும். கம்பி துருவேறிப் பருக்கும், சிமென்ட் பிளந்து உதிரும். கடலோர ஊர்களின் பழைய கான்கிரீட் வீடுகளில் கூரையிலிருந்து பாளம் பாளமாக விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பழுது பார்ப்பவரின் பையில் இந்த ஆணையின் கனம் இறங்கியது. கையெட்டும் தூரத்தில் கிடைத்த சாமான், சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ கப்பலில் வர வேண்டிய சாமானாக மாறியது. போர்ட் பிளேரில் இறங்கி, மறுபடி ஏறி, லாங் ஐலண்ட் ஜெட்டியில் இறங்கி, தலைச்சுமையாக வீட்டுக்கு. சட்டம் பழுதை இருவருக்கும் பிரித்தது. காத்திருப்பை யாருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை. பிரிக்காததால் அது தானாகவே வீட்டுக்குள் இருப்பவர் தலையில் விழுகிறது. தகரம் வரும் வரை நனைகிறவர் அவர்தானே.

காத்திருக்கும் காலத்துக்கு என்று ஒரு பொருள் இருக்கிறது: தார்ப்பாய். ஓட்டை விழுந்த இரவிலேயே கூரை மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டினால் மரச் சட்டம் தப்பும், ஒயரிங் தப்பும், மெத்தை தப்பும். அதற்கு ஆகும் செலவு மொத்தப் பழுதில் ஒரு துளி. அட்டவணையில் எங்கே இருக்கிறது தார்ப்பாய்? இரண்டு பட்டியலிலும் இல்லை. தற்காலிகப் பாதுகாப்பு என்ற எண்ணமே அந்த அட்டவணைக்குக் கிடையாது. நிரந்தர வேலை யாருடையது என்று இருவரும் பேசிக்கொண்டிருக்கும் ஒரு மாதத்தில் நடக்கும் சேதம், அசல் சேதத்தைவிடப் பெரிதாகிவிடும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

காலக்கெடு வைத்துச் சட்டம் எழுத முடியுமா என்று கேட்பீர்கள். எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் ஒரு சமூகக் குடியிருப்பு. அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டின் ஈரத்தில் படர்ந்த பூஞ்சைக்குள் நெடுங்காலம் இருந்ததே காரணம் என்று மரண விசாரணையில் தீர்ப்பானது. பெற்றோர் முறையிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கட்டடத்தின் உடம்பு வீட்டுக்காரர் பொறுப்பு என்ற சட்டம் அங்கே 1985இலிருந்தே தெளிவாக இருந்தது. பொறுப்பு யாருடையது என்பதில் எந்த ஐயமும் இல்லாத நாட்டிலேயே அந்தக் குழந்தை போனான். அதன் பிறகு 2023இல் சமூகக் குடியிருப்புச் சட்டத்தைத் திருத்தி, அவன் பெயராலேயே அழைக்கப்படும் விதிகளைக் கொண்டுவந்தார்கள். 2025 அக்டோபர் 27இலிருந்து முதல் கட்டம் நடைமுறையில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான கோளாறு என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை. கடுமையான ஈரம், பூஞ்சை என்றால் பத்து வேலை நாளுக்குள் ஆராய வேண்டும். ஆபத்து இருப்பது உறுதியானால் ஐந்து வேலை நாளுக்குள் அதை நீக்க வேண்டும்.

அமெரிக்கர்கள் வேறு வழியில் வந்தார்கள். 1970இல் வாஷிங்டனில் ஜாவின்ஸ் வழக்கு. கிளிஃப்டன் டெரஸ் அடுக்ககத்தில் சுமார் 1,500 வீட்டு விதி மீறல்கள் இருப்பதாகச் சொல்லி வாடகை கட்ட மறுத்தார்கள் குடியிருந்தவர்கள். வீடு குடியிருக்கத் தக்கதாக இருக்கும் என்ற உறுதி எழுதாவிட்டாலும் ஒவ்வொரு வாடகை ஒப்பந்தத்திலும் அடங்கியிருக்கிறது என்று நீதிபதி ஸ்கெல்லி ரைட் தீர்ப்பு எழுதினார். அந்த இன்னொரு லாங் ஐலண்ட் இருக்கிற நியூயார்க் மாநிலமும் 1975இல் அதைச் சட்டமாக்கியது. நல்ல கொள்கைதான். ஆனாலும் நாள் கணக்கு அதில் இல்லை. நமக்கு இங்கிலாந்தின் கடிகாரம்தான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

ஒரு முக்கியமான விஷயத்தை இதுவரை தள்ளி வைத்தேன். லாங் ஐலண்ட் போன்ற ஊரில் வாடகைக்கு இருக்கிறவர்களில் ஒரு பெரிய கூட்டம் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அரசுக்குச் சொந்தமான கட்டடங்களுக்கு மாதிரிச் சட்டம் பொருந்தாது. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு வேலையோடு சேர்த்துத் தரும் வீடுகளுக்கும் பொருந்தாது. ஆசிரியர், செவிலியர், வனக் காவலர், மின்துறை ஊழியர் என்று அரசுக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு வீட்டுக்காரர் அரசு; பழுதுக்குப் போக வேண்டிய இடம் பெரும்பாலும் பொதுப்பணித்துறை, தீவுக்காரர்கள் வாயில் ஏ.பி.டபிள்யூ.டி. இங்கே வாடகையில் கழிப்பதும் இல்லை, பதினைந்து நாள் அறிவிப்பும் இல்லை. புகார்ப் பதிவேட்டில் எழுதிவிட்டு நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கலாம். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. கூரை வேலைக்கு ஏற்ற வறண்ட மாதங்களும் அப்போதுதான் முடியும் தறுவாயில் இருக்கும். புதிய ஒதுக்கீடு வந்து, டெண்டர் முடிந்து, ஆள் ஏறும்போது மழை ஏறியிருக்கும். இதில் யார் மேலும் கோபப்பட்டுப் பயன் இல்லை. நாட்காட்டியே அப்படி அமைந்திருக்கிறது.

நிலத்தையும் இங்கே மறந்துவிடக் கூடாது. 1966ஆம் ஆண்டின் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறையின்படி அந்தத் தீவுகளின் நிலம் முழுவதும் அரசுக்கே உரியது. அரசு கொடுத்த உரிமையின் பேரில்தான் மற்றவர்கள் வைத்திருக்கிறார்கள். தன் மனை தன் கையில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்ற ஐயம் உள்ள ஒருவர், அதன் மேல் நிற்கும் வாடகை வீட்டின் கூரைக்கு 30,000 ரூபாய் போடத் தயங்குவார். அந்தத் தயக்கத்தை அலட்சியம் என்று எழுதிவிட முடியாது.

வேலையோடு வந்த வீட்டைப் பற்றித் தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இலங்கை மலையகத்தின் லயங்களும் நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளும் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த இடங்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்ததும் இந்தத் தொடர்ச்சிதான். இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கட்டித் தருவதையும் பராமரிப்பதையும் முதலாளியின் கடமையாக்கியது. 1981இல் அதில் ஒரு திருத்தம் வந்தது: கொடுத்த வீடு இடிந்து விழுந்து யாராவது இறந்தாலோ காயப்பட்டாலோ, இயற்கைப் பேரிடராலோ குடியிருந்தவர் தவறாலோ நடந்தது தவிர, முதலாளி நஷ்டஈடு தர வேண்டும். வீடு இடிந்து விழுவதைப் பற்றித் தனியாகப் பிரிவுகள் எழுத வேண்டியிருந்தது என்றால் லைன் வீடுகள் எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைய வாடகைச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. பாளம் விழுந்து தலை உடைந்தால் நஷ்டஈட்டுக்குச் சாதாரண சிவில் வழக்குத்தான் போட வேண்டும்.

நிலநடுக்கத்தை விட்டுவிட்டு அந்தமானைப் பற்றிப் பேச முடியாது. நில அதிர்வு வரைபடத்தில் மிகக் கடுமையான மண்டலத்தில் இருக்கும் தீவுகள். 1941 ஜூனில் ஒன்று, 2004 டிசம்பர் 26இல் இன்னொன்று. இரண்டாவதில் வடக்கு அந்தமானின் நிலம் உயர்ந்தது, தெற்கும் நிக்கோபாரும் தாழ்ந்தன. வீடிழந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தகரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் இருந்தன. பேரிடர் வந்தால் வாடகை நிற்கும் என்ற புதிய விதி அந்த ஊருக்கு மிகவும் வேண்டியது. 1882 சட்டத்தில் இதற்கு ஒரே வழிதான் இருந்தது: வீடு நிரந்தரமாகப் பயனற்றுப் போனால், குடியிருப்பவர் விரும்பினால், குத்தகை செல்லாது என்று சொல்லிவிடலாம். அவர் விரும்பாவிட்டால் கட்டடம் போனாலும் குத்தகை போகாது. கட்டடத்தோடு நிலமும் குத்தகையில் அடங்கியது என்பதால் கட்டடம் இடிந்ததாலேயே வாடகை உரிமை முடிந்துவிடாது என்று 2014இல் ஷாஹா ரதன்சி கிம்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வீட்டுக்காரர்கள் இந்தத் தீர்ப்பைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். இடியும் வரை பேசாமல் இருந்தால் ஆள் தானாகப் போய்விடுவான் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு அது ஒரு பதில்.

இனி நாம் என்ன செய்யலாம்? சட்டம் திருந்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ள அட்டவணையே வழி விட்டிருக்கிறது. சென்னையில் அந்த வழியை வீட்டுக்காரர்கள் வெள்ளையடிக்கும் செலவைத் தள்ளிவிடப் பயன்படுத்துகிறார்கள். லாங் ஐலண்டில் நாளைக் குறிக்கப் பயன்படுத்தலாம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் இருவரும் சேர்ந்து, அல்லது இருவர் சார்பிலும் ஒருவர், கூரையைப் பார்ப்பது என்று எழுதுங்கள். கண்ட ஓட்டையை ஏப்ரலுக்குள் அடைப்பது என்று எழுதுங்கள். மழைக்காலத்தில் ஒழுகினால் அன்றைக்கே தார்ப்பாய் கட்டுவது குடியிருப்பவர் கடமை, அதன் விலை வீட்டுக்காரர் கணக்கு, பாதி வாடகை வரம்பு அதற்கு இல்லை என்று எழுதுங்கள். சொன்ன நாளிலிருந்து எத்தனை நாளைக்குள் சாமான் கப்பலேற வேண்டும் என்பதையும் எழுதுங்கள். வேலை முடியும் நாளைக் கடல் தீர்மானிக்கும். சாமான் வாங்கும் நாளை மனிதர்தான் தீர்மானிக்கிறார்; கெடுவை அங்கே வையுங்கள். கூரையால் கெட்ட சுவிட்ச் கூரைக்காரர் கணக்கு என்று ஒரு வரி போதும். தமிழும் வங்காளமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் கலந்து வாழும் ஊரில், இருவருக்கும் படிக்கத் தெரிந்த மொழியில் எழுதுங்கள். குடிபுகும் நாளில் கூரையின் அடிப்பக்கத்தைப் போனில் படமெடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் தீவில் இல்லை என்பதற்கும் மாதிரிச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. சொத்து மேலாளர் என்று ஒருவரை அவர் குறிப்பிடலாம். வாடகை வாங்குவது, பழுது பார்ப்பது, வீட்டை அவ்வப்போது பார்வையிடுவது அவர் வேலை. நகரத்தில் இதற்கு ஏஜென்சிகள் இருக்கின்றன. லாங் ஐலண்டில் பக்கத்து வீட்டு அண்ணனோ ஒரு தச்சரோ போதும், பெயரும் அதிகாரமும் ஒப்பந்தத்தில் இருக்கும் வரை. குறிப்பிட்ட தொகை வரை வீட்டுக்காரரைக் கேட்காமலே செலவு செய்யலாம் என்ற அதிகாரம் அவருக்கு இருந்தால், வாஷர் அளவு ஓட்டை 30,000 ரூபாயாக வளராது.

நிர்வாகத்திடம் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. மாதிரிச் சட்டத்தின் ஏற்பாட்டில் வாடகை அதிகாரி துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர், அவருக்கு மேல் வாடகை நீதிமன்றம், அதற்கும் மேல் மாவட்ட நீதிபதி நிலையில் தீர்ப்பாயம். வடக்கு, நடு அந்தமான் மாவட்டத்தின் தலைநகர் மாயாபந்தர். லாங் ஐலண்டில் குடியிருக்கும் ஒருவர் ஒழுகும் கூரைக்கு முறையிட, படகில் யெராட்டா, அங்கிருந்து ரங்கத், அங்கிருந்து மாயாபந்தர் என்று போய், அன்றைக்கே திரும்ப முடியாமல் இரவு தங்கி வர வேண்டியிருந்தால், அந்தச் செலவே இரண்டு தகரத்தின் விலை ஆகிவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை, ஒன்று மழைக்கு முன், ஒன்று மழைக்கு நடுவில், வாடகை அதிகாரி லாங் ஐலண்டுக்கே வந்து பள்ளியிலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ முகாம் நடத்தட்டும். மழைக்கு நடுவில் வருவதற்குக் காரணம் உண்டு: ஏப்ரலில் வந்தால் எல்லாக் கூரையும் நல்ல கூரையாகத்தான் தெரியும். அந்த முகாமுக்கு வரும்போது ஏ.பி.டபிள்யூ.டி. பொறியாளர் ஒருவரையும் கையோடு அழைத்து வந்தால், அரசுக் குடியிருப்புகளின் புகார்ப் பதிவேட்டையும் அதே மேசையில் புரட்டிவிடலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வெள்ளையடிப்பதைப் பற்றிச் சிரித்த நண்பர் முதலில் கேட்கலாம்.